மூலவடிவம் இல்லாத வண்டி: இந்திய லாரியின் வரலாற்றை எங்கே தேடுவது?

தில்லியின் வடமேற்கு விளிம்பில் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் இருக்கிறது. பட்டறைத் தொழிலாளர் புழங்கும் சொற்களைத் தொகுப்பதற்காகச் சென்ற குளிர்காலத்தில் சில வாரங்கள் அங்கே போய்வந்தேன். ஒரு பட்டறையின் பின்புறத்தில் பழைய டாடா 1210 வண்டி ஒன்று சக்கரங்கள் கழற்றப்பட்ட நிலையில் மரக்கட்டைகளின்மேல் நின்றிருந்தது. உதிரிபாகங்களுக்காக அதனை வைத்திருந்தார்கள். பழைய கனரக வண்டிகளின்மேல் எனக்குள்ள ஈடுபாட்டை நண்பர்கள் அறிவர். குறிப்பேட்டைத் திறந்துகொண்டு, "உஸ்தாத்ஜி, இந்த வண்டிக்கு என்ன வயது?" என்று இந்தியில் கேட்டேன். பெரியவர் கையைத் துணியில் துடைத்தபடி, "எதன் வயதைக் கேட்கிறாய், பேட்டா? சட்டகம் என் திருமணத்துக்கு முன்னால் வந்தது. எஞ்சின் வேறொரு வண்டியுடையது. கூண்டு மூன்றாம் முறை கட்டியது. கதவு அதற்கும் பிறகு போட்டது" என்றார். என் குறிப்பேட்டில் வயதுக்கு ஒரே ஒரு கட்டம்தான் வரைந்து வைத்திருந்தேன்.

பழம்பெரும் வண்டிகளைப் பதிவு செய்வதற்கென நடுவண் அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளைப் பின்னர் வாசித்தபோது அந்த விடை மீண்டும் நினைவுக்கு வந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். இவற்றோடு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, வண்டி இருசக்கர வகையாகவோ சொந்தப் பயன்பாட்டுக்குரிய கார் வகையாகவோ இருத்தல் வேண்டும். மற்றொன்று, அது தன் மூலவடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது. முதல் நிபந்தனை லாரியை வெளிப்படையாகவே விலக்குகிறது. அந்த விலக்கை நாளையே நீக்கினாலும், இரண்டாம் நிபந்தனை இந்திய லாரிகளில் ஏறத்தாழ அனைத்தையும் வாயிலிலேயே நிறுத்திவிடும். இந்திய லாரிக்கு மூலவடிவம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதுதான் காரணம். தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது அது பாதி வண்டி. மீதிப் பாதியை வேறு ஊரில், வேறு கைகள் செய்தன. அந்த மீதிப் பாதியின் வரலாறு எழுதப்படாமல் இருப்பதைப் பற்றியும், அதை எழுதும்போது நாம் தவிர்க்க வேண்டிய ஒரு மயக்கத்தைப் பற்றியும் இங்கே கூற விரும்புகிறேன்.

முதலில் தொழிற்சாலையின் பக்கம். விடுதலைக்கு முந்தைய இந்தியாவில் ஓடிய லாரிகள் பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேய வண்டிகள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் பம்பாயில் ஒருங்கிணைப்புத் தொழிற்சாலையைத் தொடங்கியது. கப்பலில் வந்திறங்கிய பாகங்கள் அங்கே கோக்கப்பட்டு செவர்லே வண்டிகளாயின. ஃபோர்டும் அவ்வாறே இயங்கியது. இரண்டாம் உலகப்போர் இந்த எண்ணிக்கையைப் பெருக்கிற்று. அசாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவின் குன்மிங் நகர் வரை அமைக்கப்பட்ட நெடுஞ்சாலையில், 1945 ஜனவரியில் முதல் வாகன அணி புறப்பட்டது. போர் ஓய்ந்ததும் படைகள் விட்டுச்சென்ற வண்டிகள் ஏலத்தில் போயின. படை லாரியை வாங்கியவர் அதன் கான்வாஸ் கூரையைக் கழற்றிவிட்டுத் தன் ஊர்த் தச்சரைக் கொண்டு மரப்பலகை அடித்துக்கொண்டார். பிற்காலத்தில் பெரும் தொழிலாக வளர்ந்த ஒரு பழக்கத்தின் தொடக்கநிலை இது.

உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமின்றி வெறுமனே பாகங்களைக் கோத்து விற்கும் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்னும் கொள்கையை 1953ஆம் ஆண்டின் சுங்கவரி ஆணைய அறிக்கை உறுதிப்படுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அந்த வெற்றிடத்தில் வளர்ந்த நிறுவனங்களுள் இரண்டு நம் கதைக்கு முதன்மையானவை. ஒன்று டெல்கோ. 1945இல் ஜாம்ஷெட்பூரில் கிழக்கிந்திய ரயில்வேயின் சிங்பூம் பணிமனையை வாங்கி, ரயில் எஞ்சின் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவ்வாண்டே டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பிலிருந்த மும்முனை நட்சத்திரம் போய், 'டி' என்னும் எழுத்து வந்தது. மற்றொன்று சென்னை எண்ணூரில் 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ். ஆஸ்டின் கார்களைக் கோத்துக்கொண்டிருந்த அந்நிறுவனம் 1950இல் இங்கிலாந்தின் லேலண்டுடன் உடன்பாடு கண்டது. 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாற்றம் பெற்றது. காமெட் என்னும் அதன் வண்டி பல பத்தாண்டுகள் தென்னிந்தியச் சாலைகளை ஆண்டது. இவ்விரண்டோடு உத்தர்பாராவின் பெட்ஃபோர்டு, குர்லாவின் டாட்ஜ், ஃபார்கோ ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் அந்நாளைய லாரி உலகம் ஓரளவு நிறைவுறும்.

தொழிற்சாலை வரலாறு பொதுவாக இவ்விடத்தில் நின்றுவிடும். எந்த ஆண்டு எந்த மாதிரி வந்தது, எத்தனை குதிரைத்திறன், யாருடன் ஒப்பந்தம் என்ற பட்டியலே லாரியின் வரலாறாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் ஜாம்ஷெட்பூரின் வாயிலைத் தாண்டி வெளிவந்தது எது? நீண்ட இரும்புச் சட்டகம், எஞ்சின், அச்சுகள், சக்கரங்கள், திசைவளையம். முன்னால் ஒரு முகப்பு. பின்புறம் வெறுமை. ஓட்டுநருக்கு மேல் கூரையில்லை, பக்கத்தில் கதவில்லை. முறையான இருக்கைகூட இல்லை. ஒரு மரப்பெட்டியையோ தற்காலிகப் பலகையையோ கட்டிக்கொண்டு, தலையிலும் முகத்திலும் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் அதனை ஓட்டிச்செல்லும் ஓட்டுநர்களை நெடுஞ்சாலையில் கண்டிராதவர் குறைவு. வரிசையாகச் செல்லும் அந்த எலும்புக்கூடுகள்தாம் தொழிற்சாலை செய்த லாரிகள். அவை உடல் பெற்றது பஞ்சாபின் சர்ஹிந்திலும், விஜயவாடாவின் ஆட்டோநகரிலும், நம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களிலும்.

இவ்வாறு இரண்டாகப் பிரிந்த உற்பத்திமுறை நிலைபெற்றதற்குக் காரணங்கள் உண்டு. உரிமமுறையின் கீழ் உற்பத்தித் திறன் வரையறுக்கப்பட்டிருந்தது. சட்டகமும் எஞ்சினும் செய்வதே நிறுவனங்களின் முழு ஆற்றலையும் எடுத்துக்கொண்டது. வாங்குவோரின் தேவைகளோ பலவகை. நெல் மூட்டை ஏற்றுபவருக்கு வேண்டிய பக்கப்பலகையின் உயரம் வேறு, செங்கல் ஏற்றுபவருக்கு வேறு, வைக்கோல் ஏற்றுபவருக்கு வேறு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் கருவியைச் சுமக்கும் திருச்செங்கோட்டு வண்டிக்குத் தேவையான அமைப்பு முற்றிலும் வேறானது. ஒரே அச்சில் வார்க்கும் தொழிற்சாலையால் இத்தனை வேறுபாடுகளுக்கு ஈடுகொடுக்க இயலாது. அளவெடுத்துச் செய்யும் பட்டறையால் இயலும்.

மூன்றாவது காரணம் உரிமை சார்ந்தது. இந்திய லாரிகளிற் பெரும்பான்மை, ஐந்துக்கும் குறைவான வண்டிகளை வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களிடமே உள்ளது. இவர்களிற் பலர் முன்னாள் ஓட்டுநர்கள். தவணைக்கடன் இல்லையேல் இந்த வகுப்பே தோன்றியிராது. டெல்கோவின் முதல் லாரி வந்த அதே 1954இல், வணிக வாகனங்களுக்குக் கடன் தருவதற்காகச் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கப்பட்டதை இங்கு இணைத்துப் பார்க்க வேண்டும். 1979இல் தொடங்கப்பட்ட ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் ஏறெடுத்துப் பாராத பழைய லாரிகளுக்குக் கடன் தந்தது. ஆகவே ஒரு லாரிக்கு இரண்டாம் வாழ்வும் மூன்றாம் வாழ்வும் வாய்த்தன. முதல் உரிமையாளரிடம் தொலைதூரச் சரக்கு, அடுத்தவரிடம் மாவட்டத்துக்குள் மணல், அதற்கும் அடுத்தவரிடம் செங்கற்சூளை. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கூண்டும் பெட்டியும் புதிய தேவைக்கேற்பத் திருத்தப்பட்டன. டிரான்ஸ்போர்ட் நகர்ப் பெரியவர் என்னிடம் கூறியது இந்த வரலாற்றின் சுருக்கம்.

சுவடிப் பதிப்பியல் படித்தோருக்கு இந்நிலை புதிதன்று. நமக்குக் கிடைப்பவை படிகளே. ஒவ்வொரு படியும் ஒருவர் கைபட்டு எழுதியது. எழுதியவர் தம் ஊரின் வழக்கையும் தம் காலத்தின் தேவையையும் அதில் பதித்துச் சென்றிருப்பார். பாடவேறுபாடுகளைக் களைந்து மூலபாடத்தைக் காண முயல்வது ஒரு வழி. வேறுபாடுகளையே சான்றாகக் கொண்டு, யார், எங்கே, எதற்காக மாற்றினார் என்று வினவுவது மற்றொரு வழி. லாரியைப் பொறுத்தவரை முதல் வழி நம்மைத் தொழிற்சாலையின் வெற்றுச் சட்டகத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அது யாரும் சரக்கேற்றிப் பயன்படுத்தாத வடிவம். இரண்டாம் வழியே வரலாற்றுக்கு இட்டுச்செல்லும்.

லாரியின் உடலில் எழுதியவர்கள் தச்சரும் கொல்லரும் மட்டுமல்லர், அரசும் எழுதியது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், சாலைப் போக்குவரத்தின் போட்டியிலிருந்து ரயில்வேயைக் காக்க வேண்டும் என்ற கவலையோடு பிறந்தது. 1933இல் மிட்செல்-கிர்க்னஸ் அறிக்கை சாலைக்கும் ரயிலுக்கும் இடையிலான போட்டியை ஆராய்ந்ததன் தொடர்ச்சி அது. லாரி எந்த வழியில், எந்த எல்லைக்குள் ஓடலாம் என்பதை 'பெர்மிட்' முடிவு செய்தது. மாநில எல்லை ஒவ்வொன்றும் ஒரு சோதனைச்சாவடி ஆனது. 1975இல் தேசிய அனுமதித் திட்டம் வந்தபின் 'நேஷனல் பெர்மிட்' என்ற சொற்கள் லாரியின் நெற்றியில் ஏறின. இன்று அதனை அலங்காரமாகக் காண்கிறோம். அன்று அது எல்லை கடக்கும் தகுதிச்சான்று. பின்புறத்தில் ஓவியர் எழுதிய 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' எந்தச் சட்டத்திலும் இல்லாதது. அதன் தோற்றத்துக்குப் பல கதைகள் உலவுகின்றன. அவற்றுள் எதற்கும் ஆவணச் சான்று இல்லை என்பதால் மொழியியல் மாணவர்கள் அவற்றை மக்கள் சொற்பிறப்பியல் என்ற தலைப்பின் கீழ் வைப்பதே முறை. ஆனால் அவ்வாசகத்தின் முடிவுகளில் ஒன்றுக்குத் தேதி உண்டு. தேவையின்றி ஒலியெழுப்பத் தூண்டுகிறது என்று கூறி 2015 ஏப்ரலில் மகாராஷ்டிர அரசு அதனைத் தடைசெய்தது. ஓவியர் எழுதியதை அரசு அழித்தது. அரசு எழுதச் சொன்னதை ஓவியர் பூக்களுக்கு நடுவே எழுதினார். ஒரே பலகையில் இரு அதிகாரங்களின் கையெழுத்து.

சொற்களுக்குள்ளும் இவ்வரலாறு படிந்துள்ளது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றில் இவ்வண்டி லாரி. இந்தியில் டிரக். பஞ்சாபியிலும் பழைய இந்தி, உருது வழக்கிலும் 'லாரி' என்பது பயணிகள் பேருந்தைக் குறித்தது. லாகூரின் பேருந்து நிலையத்துக்கு இன்றும் 'லாரி அட்டா' என்றே பெயர். சரக்கு வண்டியின் சட்டகத்தின்மேல் இருக்கை அமைத்து மனிதரை ஏற்றிய ஒரு காலத்தை அச்சொல் நினைவில் வைத்திருக்கிறது. உதவியாளரைத் தமிழில் கிளீனர் என்கிறோம், வடக்கே 'கலாசி'. அரபு மூலத்திலிருந்து வந்து கப்பல் மாலுமியைக் குறித்த அச்சொல், துறைமுகத்திலிருந்து ரயில் பணிமனைக்கும் அங்கிருந்து லாரிக்கும் ஏறியிருக்கிறது. ஓட்டுநரைக் கலாசி 'உஸ்தாத்' என்று விளிக்கிறான். பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல் இசையாசானுக்கும் மல்யுத்த ஆசானுக்கும் உரியது. லாரியில் அது ஒரு பயிற்சிமுறையைச் சுட்டுகிறது. உரிமம் தரும் பள்ளி அங்கே இல்லை. பல ஆண்டுகள் சக்கரம் கழற்றி, கண்ணாடி துடைத்து, பின்னால் நின்று வழிகாட்டி, ஒருநாள் வெற்றுச் சாலையில் திசைவளையத்தைப் பிடிக்க வேண்டும். பட்டறையில் ஸ்பிரிங் பட்டைக்கு இந்தியில் 'கமானி' என்று பெயர். பாரசீகக் 'கமான்', அதாவது வில், அதனுள் இருக்கிறது. நாம் மாற்றுச்சக்கரத்துக்கு வழங்கும் 'ஸ்டெப்னி', வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் 1904இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் பெயர். அந்நிறுவனம் அமைந்த தெருவின் பெயரே நிறுவனத்துக்கும் அது விற்ற சக்கரத்துக்கும் வந்தது. அங்கே மறைந்துபோன அச்சொல் இந்தியப் பட்டறைகளில் உயிரோடிருக்கிறது.

நிறுவனப்பெயர் பொதுப்பெயராகும் நிகழ்வுக்கு லாரி உலகம் நல்ல சான்று. அசோக் லேலண்டு தன் பல அச்சு வண்டி ஒன்றுக்கு இட்ட பெயர் 'டாரஸ்'. இன்று தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் கனிமம் ஏற்றும் பெரிய லாரி எதுவாயினும் 'டாரஸ் லாரி' என்றே எழுதுகின்றன. டெம்போவும் மெட்டடாரும் அவ்வாறே பொதுப்பெயராயின. எண்களும் பெயராகும். மெர்சிடிஸ் மரபிலிருந்து டாடா எடுத்துக்கொண்ட முறைப்படி 1210 என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள் மொத்த எடை ஏறத்தாழ 12 டன் என்பதையும், அடுத்த இரண்டு ஏறத்தாழ 100 குதிரைத்திறன் என்பதையும் குறிக்கும். 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். ஓட்டுநர்களிடையே இவ்வெண்கள் ஆள்பெயர்போல வழங்குகின்றன. எண்ணின் உள்ளமைப்பை அறியாதவரும் 1210 எப்படி மேடேறும், 1613 எப்படி மேடேறும் என்பதை அறிந்திருப்பார்.

இதுவரை கூறியவற்றில் வியப்பும் அன்பும் மிகுந்திருப்பதை நானே உணர்கிறேன். பழைய வண்டிகளை நேசிப்போரின் இயல்பு அது. கைவினை, தன்னூர்த் தொழில்நுட்பம், ஓவியம், சொல்வளம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பாகிஸ்தானின் பெட்ஃபோர்டு லாரிகளுக்கு அத்தகைய உலகப் பெருமை ஏற்கெனவே கிட்டியிருக்கிறது. 2002இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நாட்டார் விழாவில் கராச்சியைச் சேர்ந்த லாரி ஓவியர் ஐதர் அலி தம் கலையைக் காட்டினார். ஜமால் எலியாஸ் 2011இல் வெளியிட்ட 'ஆன் விங்ஸ் ஆஃப் டீசல்' அவ்வோவியங்களைச் சமய, பண்பாட்டு ஆய்வுக்குள் கொண்டுவந்தது. இந்திய லாரிக்கும் அத்தகைய நூல் வேண்டும் என்றே பல நாள் எண்ணியிருந்தேன்.

என் தாய்மாமன் இருபத்தாறு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். தில்லியிலிருந்து ஊர் திரும்பியபோது அந்த 1210 வண்டியின் படங்களை அவரிடம் ஆர்வத்தோடு காட்டினேன். மரக்கூண்டின் உட்புறத்தைக் காட்டும் படத்தில் மட்டும் சற்றே நின்றார். "அழகாத்தான் இருக்குது கண்ணு. மே மாசம் நாக்பூர் தாண்டி ஓட்டிப் பார்த்திருந்தாத் தெரியும்" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார். அவருடைய இடதுகாலில் முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்துத் தடித்திருக்கும். சிறுவயதிலிருந்தே நான் பார்த்துவரும் கால் அது. அது ஏன் இடதுகால் என்று அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். எஞ்சினின் பெரும்பகுதி கூண்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியில், அது அவருடைய இடதுகாலை ஒட்டியே இருக்கும்.

அந்தக் கூண்டை வேறு கண்ணால் பார்க்க அன்று தொடங்கினேன். மரச்சட்டமும் தகரமும் கொண்டு கட்டிய கூண்டு, எஞ்சின் வெப்பத்தையும் இரைச்சலையும் தடுப்பதற்கென வடிவமைக்கப்பட்டதன்று. நேருக்குநேர் மோதலில் அது நொறுங்கும், சிம்பாகும். உரிமையாளர் அளவெடுத்துக் கட்டச் சொன்னது சரக்கு வைக்கும் இடத்தை. ஓட்டுநரின் முதுகுக்கும் காலுக்கும் யாரும் அளவெடுக்கவில்லை. நான் போற்றிய உள்ளூர்த் திறனின் விலையில் ஒரு பகுதியை ஓட்டுநரின் உடல் செலுத்தியிருக்கிறது. பட்டறைத் தச்சர் மீது இக்குற்றத்தைச் சுமத்துவது நேர்மையன்று. கூண்டில்லாத சட்டகத்தை விற்ற நிறுவனம், கூண்டுக்கு நெடுங்காலம் தரநிர்ணயம் வகுக்காத அரசு, குறைந்த செலவை விரும்பிய உரிமையாளர் ஆகிய மூவரும் விட்ட இடத்தில் தச்சர் வேலை செய்தார். அதே காலத்தில் வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவுடன் டிசிஎம் டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி, ஆல்வின் நிஸ்ஸான் ஆகிய இலகுரக லாரிகள் வந்தன. அவை தொழிற்சாலையிலேயே செய்த எஃகுக் கூண்டுடன் வந்தன. 1998இல் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் வோல்வோ தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. கனரக லாரியின் ஓட்டுநர் இருக்கை எப்படி இருக்க முடியும் என்பதை அந்த வண்டிகள் இந்தியச் சாலையிலேயே காட்டின.

இப்போது நிலைமை விரைந்து மாறுகிறது. லாரியின் கூண்டுக்கும் உடற்கூட்டுக்கும் ஏஐஎஸ்-093 என்னும் விதித்தொகுப்பு உள்ளது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கூண்டில் குளிர்சாதன வசதி இருத்தல் வேண்டும் என நடுவண் அரசு 2023 டிசம்பரில் ஆணையிட்டது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுடைய லாரிகள் அனைத்தும் இதில் அடங்கும். மறுபுறம் பழைய வண்டிகள் சாலையிலிருந்து அகற்றப்படுகின்றன. பத்தாண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதனை உறுதி செய்தது. 2021இல் வாகன அழிப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. பழைய டீசல் புகையை நகரத்து மூச்சுக்குழல்கள் தாங்கவேண்டும் என்று எந்த வரலாற்றார்வலரும் வாதிட இயலாது. மாமனின் காலைப் பார்த்தபின் மரக்கூண்டு மீண்டும் வரவேண்டும் என்று நானும் வாதிடப் போவதில்லை.

எனவே என் வேண்டுகோள் ஆவணம் சார்ந்தது. கார் விரும்பிகளின் பேணுமுறையை லாரிக்கு அப்படியே பொருத்துவதால் பயனில்லை. ஒரு டாடா மெர்சிடிஸைக் கண்டெடுத்து, பிற்காலப் பலகைகளை எல்லாம் பெயர்த்துவிட்டு, 1954இல் இருந்தபடி மெருகேற்றி நிறுத்தினால், அதில் உழைத்தோர் அனைவரையும் நாமே அழித்துவிட்டவர்களாவோம். மூன்று முறை கட்டிய கூண்டை மூன்று முறை கட்டியதாகவே பேண வேண்டும்; எந்தப் பலகை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று குறித்துவைக்க வேண்டும்; எஞ்சின் வேறு வண்டியுடையது என்றால் அதனையும் எழுத வேண்டும். எஞ்சினை ஒட்டிய இருக்கையை அதன் வெப்பத்தோடு விளக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் லாரி நிற்குமானால், ஓவியத்துக்கு ஒதுக்கும் அதே அளவு இடத்தை ஓட்டுநரின் இருக்கைக்கும் ஒதுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இன்னும் எளிது. ஆனால் காலம் குறைவு. மரக்கூண்டு கட்டக் கற்ற தலைமுறைக்கு இன்று வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் வரைபடம் வைத்து வேலை செய்யவில்லை. அளவுகள் மனத்தில் இருந்தன. சொற்கள் நாவில் இருந்தன. தமிழில் லாரிக்குப் 'பாடி கட்டுதல்' என்கிறோம். வீடு கட்டுவதற்குரிய வினை அது. அந்த வினைக்குள் எத்தனை படிநிலைகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், எந்த வேலையை யார் செய்தார், கூலி எவ்வாறு பகிரப்பட்டது, ஒரு தச்சர் எவ்வளவு காலம் உதவியாளராக இருந்து எப்போது தனியே பட்டறை வைத்தார் என்பவற்றை அவர்களிடம்தான் கேட்க முடியும். வெற்றுச் சட்டகத்தை ஜாம்ஷெட்பூரிலிருந்து ஓட்டிவந்தவர்களின் வாய்மொழியும் அவ்வாறே. பட்டறைகளின் பழைய ரசீதுப் புத்தகங்கள், தவணைக்கடன் அட்டைகள், பெர்மிட் தாள்கள், புதுவண்டிக்குப் பூசையிட்டபோது எடுத்த குடும்பப் படங்கள் ஆகியவை எந்த ஆவணக்காப்பகத்தின் பட்டியலிலும் இடம்பெறாதவை. வீட்டுப் பரண்களில் மட்டும் இருப்பவை.

இதனை வாசிக்கும் மாணவர்களில் சிலருடைய வீட்டிலேனும் லாரி ஓட்டியவரோ, வைத்திருந்தவரோ, கட்டியவரோ இருப்பார். அடுத்த விடுமுறையில் ஒரு மணி நேரம் அவரோடு அமர்ந்து பேச்சைப் பதிவு செய்யுங்கள். வண்டியைப் பற்றிக் கேளுங்கள். உடம்பைப் பற்றியும் கேளுங்கள். முதுகு, கால், கண், தூக்கம். பதிவைப் பகிர விரும்பினால் எனக்கு எழுதலாம். பெயர் குறிப்பிட வேண்டாம் என்றால் குறிப்பிடமாட்டேன்.

என் குறிப்பேட்டின் படிவத்தைத் திருத்திவிட்டேன். 'வண்டியின் வயது' என்றிருந்த ஒரே கட்டத்துக்குப் பதிலாக இப்போது சட்டகம், எஞ்சின், கூண்டு, பெட்டி, ஓவியம் எனத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. கடைசியாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: 'ஓட்டியவர்.' மாமனிடமிருந்து அதனை நிரப்பத் தொடங்கியிருக்கிறேன்.